குளிர்ல குழந்தைங்களோட கேம்பிங்: எதுக்கு செலவு பண்ணணும், எதுக்கு பண்ணக் கூடாது?



டிசம்பர் வந்தா நம்ம ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்ல ஒரே பேச்சுதான். "லீவு மிச்சம் இருக்கு, எங்கயாவது மலைக்குப் போலாமா?" இப்போ ரூம் போடுறதை விட டென்ட்ல தங்குறதுதான் ட்ரெண்ட். கல்யாணத்துக்கு முன்னாடி ஃப்ரெண்ட்ஸோட போனப்போ ஒரு ஜெர்கின், ஒரு போர்வையில சமாளிச்சிருப்பீங்க. குழந்தைங்களோட போகும்போது கதையே வேற. குளிரும் வேற, பில்லும் வேற.

போன மாசம் வீடியோவுல இதைப் பத்தி ரெண்டு நிமிஷம் பேசினேன். "முழு லிஸ்ட் குடுங்க, எவ்வளவு ஆச்சுன்னும் சொல்லுங்க"ன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. அதனால இந்தப் பதிவு. முதல்ல நான் பண்ணின தப்பைச் சொல்லிடுறேன். ஏன்னா லிஸ்ட்டே அந்தத் தப்புல இருந்துதான் வந்துச்சு.

முதல் ட்ரிப்: 22,500 ரூபாய் செலவு, ஆனா தூக்கம் இல்ல

மூணாறு பக்கம் சூரியநெல்லி. கொழுக்குமலை சூரிய உதயம் பாக்கப் போறவங்க பலரும் தங்குற இடம். ஜனவரி மாசம். பெரியவனுக்கு அப்போ 6 வயசு, சின்னவளுக்கு 3. கிளம்புறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி உக்காந்து ஆன்லைன்ல வாங்கித் தள்ளினோம்.

- நாலு பேருக்கு ஜாக்கெட்: 11,200
- காத்து அடிக்கிற மெத்தை, பம்ப்: 3,400
- மடக்கு நாற்காலி, டென்ட் லைட்: 4,300
- குழந்தைங்களுக்கு ட்ரெக்கிங் ஷூ: 3,600

மொத்தம் 22,500. கையில காசு இல்ல. கிரெடிட் கார்டுல "நோ காஸ்ட் இ.எம்.ஐ", 9 மாசம், மாசம் 2,500.

ராத்திரி ஒரு மணிக்கு சின்னவ அழ ஆரம்பிச்சா. தொட்டுப் பார்த்தா கை கால் எல்லாம் ஜில்லுன்னு இருக்கு, உடம்பு நடுங்குது. புது ஜாக்கெட் போட்டிருக்கா, மேல ரெண்டு போர்வை இருக்கு, அப்பவும் நடுங்குறா. எனக்குக் காரணம் புரியல. பதட்டத்துல வெளிய ஓடிப்போய், கேம்ப்ஃபயர்ல மிச்சம் இருந்த கரித்துண்டுகளை ஒரு சட்டியில அள்ளி டென்ட்டுக்குள்ள வைக்கலாமான்னு பார்த்தேன். அங்க வேலை பாக்குற ஒரு அண்ணன் ஓடி வந்து சட்டியைப் பிடுங்கிட்டார்.

"தம்பி, வேணாம். இதை உள்ள வெச்சு ஜிப்பை மூடினா காலையில நீங்க நாலு பேரும் எந்திரிக்க மாட்டீங்க."

அவரே போன் போட்டு, பக்கத்துல ஒரு லாட்ஜ்ல ரூம் ஏற்பாடு பண்ணி, ஜீப்ல கொண்டு போய் விட்டார். ரூம் 4,800 ரூபாய். அந்த நேரத்துல ஐயாயிரம் கேட்டிருந்தாலும் பத்தாயிரம் கேட்டிருந்தாலும் குடுத்திருப்பேன். ஆனா அக்கவுன்ட்ல இருந்தது எவ்வளவு தெரியுமா? ஆறாயிரத்துச் சொச்சம்.

அன்னைக்கு ராத்திரி கத்துக்கிட்ட பாடம் இதுதான்: குளிர் கேம்பிங்ல பணம் தப்பான இடத்துல போயிடுச்சுன்னா, அதிகமா செலவு பண்ணியும் குழந்தை குளிர்லதான் கிடக்கும்.

என்ன நடந்துச்சு? குளிர் கீழ இருந்து வந்துச்சு

நாம எல்லாரும் குளிர்னா மேல போத்துறதைப் பத்திதான் யோசிப்போம். ஆனா படுத்திருக்கும்போது உடம்புச் சூட்டை நிலம் உறிஞ்சிக்கிட்டே இருக்கும். காத்து மெத்தைக்குள்ள இருக்குறது வெறும் காத்து. அது உள்ளேயே சுத்திச் சுத்தி, உடம்புச் சூட்டை எடுத்து நிலத்துக்குக் குடுத்துடும். வீட்டு ஹால்ல விருந்தாளிக்குப் போட அது சூப்பர். ஜனவரி மலையில ஐஸ் பெட்டி மேல படுத்த மாதிரி.

மேல போத்துறதும் பாதிதான் வேலை செய்யும். ஸ்லீப்பிங் பேக்கோ ரஜாயோ, அதோட பஞ்சுக்குள்ள சிக்கி நிக்கிற காத்துதான் சூட்டைக் காப்பாத்துது. நம்ம முதுகுக்குக் கீழ அந்தப் பஞ்சு நசுங்கிடும். அங்க பாதுகாப்பே இல்ல.

குழந்தைங்களுக்கு இது இன்னும் மோசம். அவங்க எடைக்குத் தோல் பரப்பு அதிகம். அதனால நம்மளை விட வேகமா சூட்டை இழப்பாங்க.

இன்னொரு கணக்கும் தெரிஞ்சுக்கோங்க. உயரம் ஒவ்வொரு 1,000 மீட்டர் கூடும்போதும் வெப்பநிலை சராசரியா ஆறரை டிகிரி குறையும். சமவெளியில ராத்திரி 20 டிகிரின்னா, 1,500 மீட்டர் மேல ஏறினா 10 டிகிரி பக்கம் வந்துடும். மேகம் இல்லாத தெளிவான ராத்திரியில இன்னும் இறங்கும். மூணாறு, ஊட்டி பக்கமெல்லாம் சில ஜனவரி காலைகள்ல பூஜ்யத்தைத் தொட்டு உறைபனியே விழும். போன்ல காட்டுற டவுன் வெப்பநிலையை நம்பி பேக் பண்ணாதீங்க. அதுல இருந்து 5 டிகிரி குறைச்சு வெச்சு தயாராகுங்க.

ரெண்டாவது ட்ரிப்: எந்த வரிசையில செலவு பண்ணினோம்

அடுத்த வருஷம் அதே ஊர், அதே ஜனவரி. இந்தத் தடவை பர்ஸைத் திறக்குறதுக்கு முன்னாடி ஒரு வரிசை போட்டோம்.

*1. முதல்ல கீழ.* நாலு பேருக்கும் மடக்கு ஃபோம் மேட். ஒண்ணு 700 ரூபாய் மேனிக்கு 2,800. மேட் வாங்கும்போது "ஆர்-வேல்யூ"ன்னு ஒரு நம்பர் போட்டிருக்கும். சூட்டை எவ்வளவு தடுக்கும்னு சொல்ற அளவு அது. சாதாரண ஃபோம் மேட் 2 பக்கம் இருக்கும். நம்ம மலைகளுக்கு அதுக்குக் கீழ வீட்டு ரஜாய் ஒண்ணை மடிச்சுப் போட்டாலே நல்ல வித்தியாசம் தெரியும். ரெண்டு மேட்டை ஒண்ணு மேல ஒண்ணு போட்டா நம்பரும் கூடிக்கும். குழந்தைங்களுக்கு நாங்க அப்படித்தான் செஞ்சோம். நாங்க ரெண்டு பேரும் ரஜாய் மேல படுத்துக்கிட்டோம்.

*2. அடுத்து உடம்பை ஒட்டினது.* தெர்மல் இன்னர், குழந்தைக்கு ரெண்டு செட். ஒண்ணு பகலுக்கு, ஒண்ணு ராத்திரிக்கு மட்டும். ஒரு செட் 550, நாலு செட் 2,200. காட்டன் பனியனை உள்ள போடாதீங்க. பகல் முழுக்க ஓடி விளையாடி அது வேர்வையில நனைஞ்சிருக்கும். சூரியன் இறங்கினதும் அந்த ஈரமே குளிரை இழுக்கும். படுக்கும்போது உள்ளாடையில இருந்து சாக்ஸ் வரைக்கும் எல்லாம் காஞ்சதா மாத்தணும். இந்த ஒரு பழக்கத்துக்கு ஒரு ரூபாய் கூட செலவில்ல. ஆனா பல ஜாக்கெட்டை விட பெருசு இது.

*3. சாக்ஸ், குல்லா, கையுறை.* கம்பளி சாக்ஸ் எட்டு ஜோடி 1,200. மங்கி குல்லாவும் கையுறையும் சேர்த்து ஆளுக்கு 200, மொத்தம் 800. மங்கி குல்லா போட்டா போட்டோ நல்லா வராதுன்னு என் பையன் சண்டை போட்டான். ராத்திரி பத்து மணிக்கு அவனே கேட்டு வாங்கிப் போட்டுக்கிட்டான்.

*4. தலையில மாட்டுற டார்ச் ரெண்டு:* 800. ராத்திரி பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போகும்போது ஒரு கை குழந்தையைப் பிடிக்கணும், ஒரு கை தண்ணி பாட்டில் பிடிக்கணும். மூணாவது கை நமக்கு இல்ல.

*5. ஸ்லீப்பிங் பேக் வாடகைக்கு.* ஒண்ணுக்கு ஒரு ராத்திரி 150 ரூபாய், நாலு பேக், ரெண்டு ராத்திரி, 1,200.

ஆக வாங்கினது 7,800, வாடகை 1,200. மொத்தம் 9,000. ஸ்வெட்டர், மழைக்கோட்டு, ஃபிளாஸ்க், எவர்சில்வர் பாட்டில் எல்லாம் வீட்டுல இருந்ததுதான். மழைக்கோட்டை ஸ்வெட்டர் மேல போட்டா காத்து உள்ள போகாது. அதுதான் எங்க ஜாக்கெட். (டென்ட் தங்குற இடத்துலயே குடுத்தாங்க. தங்குற கட்டணமும் போக்குவரத்தும் இதுல சேராது.)

விலை எல்லாம் நாங்க வாங்கினப்போ குடுத்தது. உங்க ஊர்ல கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கலாம். வரிசையை மட்டும் மாத்தாதீங்க.

வாங்கணுமா, வாடகையா? ஒரு சின்ன வகுத்தல் போதும்

விலையை ஒரு ராத்திரி வாடகையால வகுங்க. நல்ல ஸ்லீப்பிங் பேக் 3,500 ரூபாய்னு வெச்சுக்கோங்க. வாடகை 150. வகுத்தா 23 ராத்திரிக்கு மேல வரும். வருஷத்துக்கு ரெண்டு ராத்திரி கேம்ப் போற குடும்பத்துக்கு அந்தக் காசு திரும்ப 12 வருஷம் ஆகும். அதுக்குள்ள பையன் காலேஜ் போயிடுவான். அதனால வாடகை.

தெர்மலும் சாக்ஸும் அப்படியில்ல. ஊட்டிக்குப் போனாலும் போடலாம், ஏ.சி. ட்ரெயின்லயும் போடலாம், பெரியவனுக்குச் சின்னதானது சின்னவளுக்கு வரும். அதனால வாங்கலாம்.

குழந்தைங்களுக்கு ட்ரெக்கிங் ஷூ? அடுத்த வருஷம் கால் வளர்ந்துடும். ஸ்கூல் ஸ்போர்ட்ஸ் ஷூவும் உள்ள கம்பளி சாக்ஸும் போதும். சாக்ஸ் போட்ட பிறகு ஷூ இறுக்கமா இருக்கக் கூடாது. இறுக்கமா இருந்தா ரத்த ஓட்டம் குறைஞ்சு கால் இன்னும் ஜில்லிடும்.

வாடகைக்கு எடுக்கும்போது ஒரு விஷயம் பாருங்க. ஸ்லீப்பிங் பேக் லேபிள்ல ரெண்டு மூணு டிகிரி போட்டிருக்கும். "கம்ஃபர்ட்"னு இருக்குற நம்பரை மட்டும் எடுத்துக்கோங்க. "லிமிட்"ங்கிறது ஒரு வளர்ந்த ஆள் சுருண்டு படுத்து எப்படியோ ராத்திரியை ஓட்டுற அளவு. "எக்ஸ்ட்ரீம்"ங்கிறது உயிர் பிழைக்கிற அளவு. இந்த நம்பர்கள் எல்லாம் பெரியவங்களுக்கானது. குழந்தைக்கு இன்னும் 5 டிகிரி கூடுதல் பாதுகாப்பு வெச்சுக்கோங்க. பெரியவங்க பேக்ல குழந்தையைப் படுக்க வெச்சா கால் பக்கம் காலியா கிடக்குற இடம் குளிரும். அடிப்பகுதியை மடிச்சுக் கீழ விட்டுடுங்க, இல்லன்னா காஞ்ச துணியை வெச்சு நிரப்புங்க.

பையில வைக்கிற மிக முக்கியமான பொருள்: 6,000 ரூபாய்

இதுதான் நான் இந்தப் பதிவுல சொல்ல வந்த முக்கியமான விஷயம். 9,000 செலவுக்கு மேல 6,000 ரூபாய் தனியா எடுத்து வெச்சோம். பேரு "திரும்பி வர்ற பணம்". நடு ராத்திரி ரூம், ஒரு ஜீப், தேவைப்பட்டா ஒரு டாக்டர், இவ்வளவுக்கும் போதுமான தொகை. அதுல 2,000 ரொக்கமா. மலையில சிக்னல் இல்லன்னா யு.பி.ஐ. வேலை செய்யாது.

ஏன் இது முக்கியம்? பணம் இல்லாத அப்பா அம்மா என்ன யோசிப்பாங்க தெரியுமா? "இவ்வளவு செலவு பண்ணி வந்துட்டோம், இன்னும் நாலு மணி நேரம்தானே, விடிஞ்சிடும்." முதல் தடவை நானும் அப்படித்தான் ஒரு மணி நேரம் தள்ளிப் போட்டேன். ஏற்கெனவே போன காசை நினைச்சு, குழந்தையை நடுங்க விட்டேன். தனியா காசு இருந்தா அந்த யோசனையே வராது. எந்திரிச்சு கிளம்பிடுவீங்க.

எப்போ கிளம்பணும்? போர்த்தி, கட்டிப்பிடிச்சு, சூடா ஏதாவது குடுத்தும் கால் மணி நேரத்துல நடுக்கம் நிக்கலன்னா கிளம்பிடுங்க. குழந்தை மந்தமா இருந்தா, பேச்சு குழறினா, தள்ளாடினா, வழக்கத்துக்கு மாறா தூக்கத்துலயே விழுந்தா யோசிக்காம ஆஸ்பத்திரிக்குப் போங்க. நடுங்கிட்டு இருந்த குழந்தை சூடு ஏறாமலே திடீர்னு நடுக்கம் நின்னு அமைதியானா அது நல்ல அறிகுறி இல்ல. ஒரு வயசுக்குக் கீழ இருக்குற குழந்தைன்னா டென்ட் வேணவே வேணாம். ரெண்டு வருஷம் பொறுத்துக்கோங்க, மலை எங்கயும் போகாது.

ரெண்டாவது ட்ரிப்ல அந்த 6,000 செலவாகல. அப்படியே திரும்ப வந்துச்சு. இன்ஷூரன்ஸ் மாதிரிதான், பயன்படலன்னா சந்தோஷம்.

இ.எம்.ஐ. பின்னாடியா, சேமிப்பு முன்னாடியா?

9,000 கூட்டல் 6,000, மொத்தம் 15,000. ஜூலையில இருந்து டிசம்பர் வரைக்கும் மாசம் 2,500 ஆர்.டி. போட்டோம். கவனிச்சீங்களா? முதல் ட்ரிப்ல நான் கட்டின இ.எம்.ஐ.யும் மாசம் 2,500தான். அப்போ ட்ரிப் முடிஞ்சு 9 மாசம் கட்டினேன். இப்போ ட்ரிப்புக்கு முன்னாடி 6 மாசம். சம்பளத்துல அதே ஓட்டைதான், ஆனா ஜனவரி முடிஞ்சா அது அடைஞ்சிடுது.

"நோ காஸ்ட்"ங்கிற வார்த்தையையும் அப்படியே நம்பாதீங்க. பேங்க் வட்டி போடும், கடைக்காரர் அந்த அளவுக்குத் தள்ளுபடி குடுப்பார். ஆனா அந்த வட்டி மேல 18% ஜி.எஸ்.டி. நம்ம தலையில. பெரும்பாலும் ப்ராசஸிங் கட்டணமும் உண்டு. வட்டி 1,400 ரூபாய்னு வெச்சா ஜி.எஸ்.டி. 252. ப்ராசஸிங் 199, அதுக்கும் வரி சேர்த்து 235. கிட்டத்தட்ட 490 ரூபாய் சும்மா போகுது. நாலு பேருக்குக் குல்லா வாங்கியிருக்கலாம். அதுவே மினிமம் ட்யூ மட்டும் கட்டி பில்லை ஓட்டினீங்கன்னா பல கார்டுகள்ல மாசம் மூணு மூணரை சதவீத வட்டி, வருஷத்துக்கு 40 சதவீதத்தைத் தாண்டும்.

இன்னொண்ணு. பழைய வரி முறையில இருந்து, சம்பளத்துல எல்.டி.ஏ. இருந்தா, இந்தியாவுக்குள்ள குடும்பத்தோட போற டிக்கெட் செலவுக்கு வரி விலக்கு கிடைக்கும். நாலு வருஷ கட்டத்துக்கு ரெண்டு பயணம். தங்குற செலவு, சாப்பாடு, ஸ்லீப்பிங் பேக் எதுவும் இதுல வராது. புது வரி முறையில இந்த விலக்கே கிடையாது. சென்னையில இருந்து போடிநாயக்கனூர் வரைக்கும் ட்ரெயின் இருக்கு, வாரத்துல சில நாள். அந்த டிக்கெட்டைப் பத்திரமா வைங்க.

கிளம்புறதுக்கு முன்னாடி, படுக்குறதுக்கு முன்னாடி

புக் பண்ணும்போது கேட்க வேண்டியவை:

- டென்ட் போட முறையான அனுமதி இருக்கா? வனப்பகுதியில அனுமதி இல்லாம தங்குறது குற்றம்.
- ராத்திரி ரொம்பக் குளிர்னா அங்கயே ரூம் கிடைக்குமா? பக்கத்துல எங்க இருக்கு?
- டென்ட்ல இருந்து பாத்ரூம் எவ்வளவு தூரம்?
- பக்கத்து ஆஸ்பத்திரி எது, ராத்திரி வண்டி கிடைக்குமா?
- யானை நடமாட்டம் உண்டா? சூரியநெல்லிக்குப் பக்கத்து சின்னக்கானல்தான் அரிக்கொம்பன் சுத்தின ஊர். 2023 ஏப்ரல்ல அங்க இருந்துதான் அதைப் பிடிச்சு வேற காட்டுக்கு மாத்தினாங்க. மத்த யானைங்க இன்னும் அங்கதான் இருக்கு. சாப்பாட்டை டென்ட்டுக்குள்ள வைக்காதீங்க.

ஊட்டி, கொடைக்கானல் போறவங்க சொந்த வண்டிக்கு இ-பாஸ் எடுக்கணும், 2024 மே மாசத்துல இருந்து நடைமுறையில இருக்கு.

வீட்டுல ஒரு ராத்திரி மொட்டை மாடியில ஒத்திகை பாருங்க. அங்க குளிராது, ஆனா ஸ்லீப்பிங் பேக்ல குழந்தை படுக்குமா, ஜிப் திறக்கத் தெரியுமா, டார்ச் எங்க இருக்குன்னு தெரியும். போடி மெட்டுல 17 கொண்டை ஊசி வளைவு. வாந்திக்கு மாத்திரை, காய்ச்சலுக்கு மருந்து, எடைக்கு எவ்வளவு குடுக்கணும்னு டாக்டர்கிட்ட கேட்டு எழுதி வைங்க. வீசிங் இருக்குற குழந்தைன்னா குளிர் காத்து அதைக் கிளப்பும். இன்ஹேலரை மறக்கவே கூடாது.

ராத்திரி படுக்கும்போது:

- சூடா கஞ்சியோ பாலோ, ஒரு கடலை மிட்டாய். வயித்துல ஏதாவது இருந்தாத்தான் உடம்பு சூடு பண்ணும்.
- பாத்ரூம் போயிட்டு வந்து, எல்லாம் காஞ்ச துணி.
- எவர்சில்வர் பாட்டில்ல வெந்நீர், மூடியை இறுக்கி, ரெண்டு சாக்ஸுக்குள்ள போட்டு கால் பக்கம் வைங்க. நேரா தோல்ல படக் கூடாது, சுட்டுடும்.
- முகத்தை மூடாதீங்க. மூச்சு ஈரம் பேக்குக்குள்ள போனா குளிர் கூடும்.
- டென்ட்டோட காத்து வழியைத் திறந்தே வைங்க. முழுசா மூடினா உள்ள நீர்த்துளி சேர்ந்து எல்லாம் நனையும்.
- போனை பேக்குக்குள்ள வெச்சுக்கோங்க, குளிர்ல பேட்டரி சீக்கிரம் இறங்கும்.

கடைசியா, கரி, அடுப்பு, கேஸ் ஸ்டவ், எதுவும் டென்ட்டுக்குள்ள வேணாம். அணைஞ்ச மாதிரி தெரியுற கரியும் கார்பன் மோனாக்ஸைடு விடும். அதுக்கு நிறமும் இல்ல, வாசனையும் இல்ல. தூக்கத்துலயே ஆளை முடிச்சிடும். அன்னைக்கு அந்த அண்ணன் வரலன்னா, இந்தப் பதிவை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

ரெண்டாவது ட்ரிப்ல அவரைப் போய்ப் பார்த்தோம். சின்னவளைத் தூக்கி, "இந்தத் தடவை பாப்பா தூங்குச்சா?"ன்னு கேட்டார். ஆறு மணி வரைக்கும் தூங்கினா அண்ணே. சூரிய உதயத்தையே தவற விட்டுட்டோம்.

உங்க பட்ஜெட் எவ்வளவு, எதுல மாட்டிக்கிட்டீங்கன்னு கமெண்ட்ல சொல்லுங்க. ஜனவரிக்கு ப்ளான் பண்றவங்க இந்த மாசமே அந்த 2,500-ஐ ஆரம்பிச்சிடுங்க. அடுத்த பதிவுல பாக்கலாம்!